குட்டி ஜப்பானில் செர்ரி பூத்த கதை

சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பட்டம் கொடுத்தவர் நேரு. தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஊரைப் பார்த்து மனுஷர் மனசாரச் சொன்னது. பட்டத்தைக் கொடுத்ததோடு டெல்லிக்குக் கிளம்பிவிட்டார். ஜப்பான் என்றால் கூடவே சில சாமான்கள் வர வேண்டாமா? புல்லட் ரயிலுக்குப் பதில் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அனுசரித்துக்கொள்ளலாம். எரிமலைக்குப் பதில் புஸ்வாணம் இருக்கிறது. செர்ரிப் பூவுக்கு எங்கே போவது?

அந்த மரம் பூக்கக் குளிர் வேண்டும். குளிர்காலம் பூராவும் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கி, வசந்தத்தில் விழித்து, மொத்தமாகப் பூத்து, பத்து நாளில் மொத்தமாகக் கொட்டிவிடும். சிவகாசியில் இருப்பது இரண்டே பருவம்: வெயில், தீபாவளி. இதில் எதில் தூங்குவது என்று அதற்கு விளங்காது.

ஊர் பிறந்த கதையிலேயே மரத்துக்கு மரியாதை இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஹரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து சிவலிங்கத்தைப் பசுவின் மேல் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனான். இந்த இடத்தில் பசு நகர மறுத்தது. லிங்கத்தை இங்கேயே பிரதிஷ்டை செய்தார்கள் என்கிறது தலபுராணம். காசியிலிருந்து நடந்தே வந்த பசு, போக வேண்டிய இடத்துக்கு எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கையில் மக்கர் செய்தால் காரணம் வெறும் பக்தியாக இருக்காது. எங்கள் பக்கத்து வெயில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மர நிழல் அகப்பட்டிருக்கும். அந்த மரத்தின் தயவில் ஊர் வந்தது. ஊர் வந்ததும் மரம் போயிருக்கும்.

அசல் ஜப்பானில் நடந்ததே வேறு. 1720இல் நாட்டை ஆண்ட ஷோகன் யோஷிமுனே, இன்றைய டோக்கியோவான எடோவில் அசுகயாமா குன்றின் மேல் செர்ரி மரம் நட ஆரம்பித்தார். எதற்கு? ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்து, பூவைப் பார்த்து, கட்டுச்சோறு தின்று, இரண்டு கிண்ணம் ஊற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர. ஆற்றங்கரையிலும் நட்டார். அதில் ஒரு கணக்கு இருந்தது என்பார்கள்: பூப் பார்க்கக் கூட்டம் வரும், கூட்டம் மிதித்தால் கரை இறுகும், கரை இறுகினால் வெள்ளத்துக்குத் தாங்கும். இந்தப் புத்திக்காகவே அவரை விருதுநகரில் எந்தக் கமிஷன் மண்டியிலும் கணக்கப்பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வார்கள். 1732இல் பெரும் பஞ்சம். மறு வருஷம் செத்துப்போனவர்களுக்காகச் சுமிதா ஆற்றங்கரையில் நடந்த திருவிழாதான் அங்கே வாணவேடிக்கைக்குத் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. அதுவும் இதே யோஷிமுனே காலம். பூவும் அவர் கையில், பொறியும் அவர் கையில். நம்மிடம் மரத்துக்கு வனத்துறை. மத்தாப்புக்கு நாக்பூரில் இருக்கிற வெடிபொருள் துறை. இரண்டு ஃபைலும் ஒரே மேஜைக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நம் ஷோகன் யார் என்றால் ராணி மங்கம்மாள். 1689 முதல் 1706 வரை பேரன் சார்பில் மதுரையை ஆண்ட அம்மாள், சாலை போட்டு, சத்திரம் கட்டி, வழியெல்லாம் மரம் வைத்தாள். இன்றைக்கும் தெற்கே எந்தப் பழைய சாலையைக் காட்டினாலும் ‘மங்கம்மாள் சாலை’ என்பார்கள். ஆனால் அம்மாள் பூவுக்காக வைக்கவில்லை, நிழலுக்காக வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் சாலையோரம் புளியாகவே நட்டுத் தள்ளினார்கள்.

புளியம்பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் மஞ்சளில் சிவப்பு ரேகை ஓடும். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. ஜப்பான்காரன் பார்த்தால் அதன் கீழே உட்கார்ந்து மூணு வரியில் கவிதை எழுதிவிடுவான். நம்மாள் அண்ணாந்து பார்த்து, “இந்த வருசம் காய்ப்பு எப்படி?” என்பான். ஏலத்துக்குப் போகிற மரம் அல்லவா! எங்கள் பக்கம் மரம் என்று ஒன்று நின்றால் அதற்கு ஒரு உத்தியோகம் இருந்தாக வேண்டும். பனைக்குப் பதநீர், கருப்பட்டி, ஓலை, விட்டம் என்று நாலு உத்தியோகம். வேம்புக்குப் பல்லும் அம்மையும். முருங்கைக்குச் சாம்பார். பூப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மரம் வேலைக்குப் போகாத மருமகன் மாதிரி. முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், தண்ணீர் மட்டும் வராது.

நாலுவழிச் சாலை வந்தபோது புளியமரங்களுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள், பென்ஷன் இல்லாமல். பதிலாக நடுத்திட்டில் அரளி வந்தது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகப் போனால் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். சாலையை அழகுபடுத்துவதாகப் பேச்சு. அரளிக்கு வேலை கிடைத்த ரகசியம் வேறு. தண்ணீர் கேட்காது, எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும், விஷம் என்பதால் ஆடு வாய் வைக்காது. இந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். எங்கள் மாவட்டத்து மரம் நடுவிழாக்களின் சரித்திரத்தை எழுதப்போகிறவர், மனிதர்களை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் எழுதினாலே முக்கால்வாசி வந்துவிடும்.

சிவகாசி மரத்துக்குக் கொடுத்த உத்தியோகம் தீக்குச்சி. 1922இல் அந்த ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அன்றைக்கு இந்தியாவில் உரசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் கப்பலில் வந்த தீப்பெட்டி. அதில் ஜப்பான் சரக்கும் ஏராளம். ஆக, குட்டி ஜப்பான் பிறந்ததும் முதலில் கைவைத்தது பெரிய ஜப்பானின் வியாபாரத்தில்.

குச்சிக்கு மெத்தென்ற மரம் வேண்டும். கரிசலில் முளைப்பதெல்லாம் இரும்பு. அதனால் மேற்கே மலையைத் தாண்டிக் கேரளத்திலிருந்து மரம் வந்தது. பெருமரம், இலவு. இந்த இலவு இருக்கிறதே, பங்குனி வாக்கில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும். மைனாவும் காக்கையும் தேனுக்கு அடித்துக்கொள்ளும். நியாயப்படி நம் நாட்டுச் செர்ரி அதுதான். இலவு காத்த கிளி தலைமுறை தலைமுறையாக ஏமாந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சிவகாசிக்காரர் காய் வெடிக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. மரத்தை அறுத்துக் குச்சியாக்கி, மருந்தில் முக்கி, லேபிளில் கிளிப் படத்தையும் போட்டு விற்றுவிட்டார்.

இனி சீமைக்கருவேலம். எங்கள் ஊர் டீக்கடையில் இதற்குத் தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது: “காமராசர் கொண்டாந்தது.” விருதுநகர்க்காரனுக்கு நல்லது கெட்டது எது வந்தாலும் காமராஜர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் துரை இதன் விதை வேண்டுமென்று எழுதியது 1876இல். காமராஜர் பிறந்தது 1903இல். தாத்தா காலத்துக் கடனைப் பேரன் தலையில் எழுதினால் எப்படி? விறகுக்காகப் பிற்பாடு அரசாங்கமே பரப்பியது உண்மைதான். ஆனால் உண்மையான விநியோகஸ்தர் ஆடு. நெற்றைத் தின்னும்; விதையைப் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போகும்; முளைத்து வரும் இலையைத் தொடாது. வனத்துறை நட்டதை ஆடு தின்றது. ஆடு நட்டதை வனத்துறையால் பிடுங்க முடியவில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு, வக்கீல்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை கடப்பாரையோடு இறங்கினார்கள். அதே வருஷம் அந்த வேலைக்குத் தடையும் வந்தது. மரம் நின்ற இடத்திலேயே நின்று இரண்டு உத்தரவையும் கேட்டுக்கொண்டது. அதற்கும் உத்தியோகம் உண்டு பாருங்கள்: மூட்டம் போட்டால் கரி.

1950இல் மத்திய மந்திரி கே.எம். முன்ஷி வனமகோத்சவம் என்று ஒன்றை ஆரம்பித்துவைத்தார். ஜூலை முதல் வாரம் நாடெங்கும் மரம் நட வேண்டும். வடக்கே அது மழைக்காலம். எங்களுக்கு ஜூலையில் வருவது காற்று மட்டும். மழை ஐப்பசிக்கு வரும். ஆனாலும் நட்டோம். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூட வாசலில் மயில்கொன்றை நட்டார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து உலகமெல்லாம் சிவப்பாகப் பூக்கிற மரம். சிறப்பு விருந்தினர் மண்வெட்டியை இரண்டு தடவை தொட்டார், போட்டோ எடுத்தார்கள், மிக்சரும் கலரும் கொடுத்தார்கள். அவர் கார் திரும்புவதற்குள் ஒரு வெள்ளாடு வந்து நுனியைக் கடித்தது. சாயந்தரம் குச்சி மட்டும் நின்றது. எங்களுக்குத் தண்ணீர் ஊற்ற முறை வைத்திருந்தார்கள். ஒரு மாசம் அந்தக் குச்சிக்குத் தவறாமல் ஊற்றினோம். அடுத்த ஜூலையில் அதே குழியில் மறுபடி மயில்கொன்றை. குழி வெட்டுகிற கூலி மிச்சம்.

அமெரிக்காக்காரனுக்கு மட்டும் முதல் தடவையே நட்டுவிட்டதா என்ன? 1910இல் டோக்கியோ அன்பளிப்பாக அனுப்பிய 2,000 செர்ரிக் கன்றுகள் வாஷிங்டனுக்கு வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால் பூச்சியும் புழுவும். மொத்தத்தையும் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். ஜப்பான் முகம் சுளிக்காமல் 1912இல் 3,020 மரங்களை மறுபடி அனுப்பியது. இன்றைக்கு ஊரே அதைப் பார்க்கப் போகிறது. எனக்கு அந்த முதல் சரக்கின் மேல்தான் பாசம். அன்பளிப்பாக வந்த ஜப்பான் பொருளைத் தீ வைத்துப் பார்ப்பது சுத்தமான சிவகாசி வழக்கம்.

பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற ஆலைகளில் மரத்தின் கதி இன்னும் விசேஷம். எங்களூர்ப் பத்திரிகையில் ‘மரத்தடி’ என்பது குற்றப்பிரிவுச் சொல். “விதிமீறி மரத்தடியில் பட்டாசு தயாரித்த ஆலையின் உரிமம் ரத்து” என்று மாதம் தவறாமல் செய்தி வரும். அறைக்குள் வெக்கை தாங்காமல் வெளியே வேப்ப நிழலில் உட்கார்ந்து திரி வைத்தால் குற்றம். விதி சரியான விதிதான்; அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வகுத்த கணக்கு மரத்தடியில் காற்றோடு போய்விடும், அப்புறம் ஆளும் போய்விடும். புத்தருக்கு மரத்தடியில் ஞானம் கிடைத்தது. இங்கே நோட்டீஸ் கிடைக்கும்.

2018இல் உச்ச நீதிமன்றம் இனிப் பசுமைப் பட்டாசுதான் என்று சொன்னது. சரி, ஒரு வழியாக ஊர் பசுமையாகிவிட்டது என்று நினைத்தோம். கூடவே பேரியம் உப்புக்குத் தடை. வாணத்தில் பச்சை நிறத்தைக் கொடுப்பதே பேரியம்தான். பசுமைப் பட்டாசு வேண்டும், பச்சைக்கு மருந்து கிடையாது. போர்மேன்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

செர்ரிக்கு வருகிறேன். பேக்கரியில் கேக் மேல் உட்கார்ந்திருக்கிற சிவப்பு உருண்டையைச் செர்ரி என்று தின்று வளர்ந்தவன் நான். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, நம் கடைகளில் அது பெரும்பாலும் களாக்காய். காட்டில் முள்ளோடு கிடக்கிற அதே களாக்காயைக் கொட்டை எடுத்து, பாகில் போட்டு, சாயம் ஏற்றிவிடுகிறார்கள். பறிக்கப் போய்க் கை கிழிந்து, பால் ஒட்டி, அம்மாவிடம் அடி வாங்கியது இதற்காகத்தானா என்று வயிறு எரிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று மல்லிகை மாதிரி பூக்கும். வானம் பார்த்த பூமியில் வாழும். ஊறுகாய்க்கு ஆகும். முள் இருப்பதால் ஆட்டுக்குப் பாச்சா பலிக்காது, வேலிக்கும் ஆகும். எங்கள் ஊர் போட்ட அத்தனை நேர்முகத் தேர்விலும் பாஸ். யாரும் அதை விழா எடுத்து நட்டதில்லை.

ஜப்பான் மொழியில் வாணவேடிக்கைக்குப் பெயர் ‘ஹனாபி’. பிரித்தால் பூ, நெருப்பு. நம்மாளும் லேசுப்பட்டவன் இல்லை. ‘மத்தாப்பு’ என்று வந்ததைப் பேச்சில் நீட்டி ‘மத்தாப்பூ’ ஆக்கிவைத்திருக்கிறான்.

போன வருஷம் ஆவணியில் சிவகாசி பைபாஸ் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். இருட்டிய நேரம். தூரத்தில் ஏதோ ஒரு ஆபீஸில் வியாபாரிகளுக்குப் பேன்சி ரகம் சாம்பிள் விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ‘சொய்ங்’ என்று ஒரு கோடு ஏறி, கருவேலங்காட்டுக்கு மேலே உருண்டையாக ஒரு ரோஸ் பூ விரிந்தது. ஓரத்து இதழெல்லாம் வளைந்து, நுனியில் வெள்ளி கட்டி, ஒவ்வொன்றாக உதிர்ந்து, கீழே வருவதற்குள் அணைந்தது. மொத்தம் ஐந்தாறு வினாடி. கன்று வைத்து, கூண்டு கட்டி, லாரியில் தண்ணீர் ஊற்றி இருபது வருஷம் காத்திருந்தாலும் இந்த நிறம் எங்கள் மண்ணில் வராது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பெஞ்சில் ஒரு பெரியவர். வாணத்துக்குள் இருந்து பூவாக விரிகிற மணி மருந்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவராம். கையில் கண்ணாடிக் கிளாஸ்.

“எப்படி அண்ணாச்சி, ஜப்பான் தோத்துச்சுல்ல?” என்றேன்.

அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே சொன்னார். “மணி ஈரமா இருக்கு தம்பி. இன்னும் ஒரு நாள் காய வச்சிருக்கணும்.”

கடைக்கு எதிரே பச்சை பெயின்ட் அடித்த கூண்டுக்குள் புதுசாக ஒரு கன்று வைத்திருந்தார்கள். கூண்டின் மேல் நன்கொடையாளர் பெயர் பெரிதாக இருந்தது. கம்பிக்கு இடையே தலையை விட்டு ஒரு ஆடு நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாணம் வெடித்தபோது காதை மட்டும் ஒரு தடவை ஆட்டிக்கொண்டது.