பாட்டுக்குள் இருந்த பேச்சு

1991 தீபாவளிக்குத் 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. திண்டுக்கல்லில் எங்கள் தெருவே ரஜினி பக்கம் போக, பெரியப்பா மகன் அண்ணன் மட்டும் என்னைக் 'குணா'வுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுப் போட்டு விரலிடுக்கில் எப்போதும் பித்தளைப் பொடி மின்னும்.

படம் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. கண்மணி பாட்டு மட்டும் முழுசாக உள்ளே இறங்கியது. நாயகன் சொல்லச் சொல்ல நாயகி கடிதம் எழுதுகிறாள்; அவன் பேசுவது அவள் வாயில் பாட்டாகிவிடுகிறது. வாலியின் வரிகள், இளையராஜாவின் இசை, கமல், எஸ். ஜானகி குரல்கள். "சும்மா பேசுறான், அது பாட்டாயிருதுடா" என்று வழியெல்லாம் அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்து கேசட். வேண்டிய பாட்டுகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் கடையில் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட்டில் ஏ பக்கத்துக் கடைசியாகக் கண்மணியைப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்து, சடக்கென்று பட்டன் எழும்பும். பல வருஷம் அந்தப் பாட்டின் முடிவு எங்களுக்கு அந்தச் சடக்குதான். அதற்கு மேல் என்ன வரும் என்று தேடி, டீக்கடை ரேடியோ முன்னால் டம்ளரோடு நின்றிருக்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் எனக்கு ஒரு வேலை வைத்தார். நிலக்கோட்டையிலிருந்து பூக்கூடையோடு வரும் ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், நான் பத்தாவது. "இந்தப் பக்கம் வந்தா பட்டறை வழியா வந்துட்டுப் போ. அவ்வளவுதான், எழுது" என்றார். நான் நிலவையும் தென்றலையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் தாளை வாங்கி மடித்தார். "நான் பேசினதை எழுதுடா தம்பி. நிலாவை நான் சொன்னேனா?" இரண்டாவது தாளில் அவர் சொன்ன ஒரே வரிதான் போனது. அதற்கு வந்தவர்தான் எங்கள் மதினி.

கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் ஓர் இரவு ஆர்க்கெஸ்ட்ரா. மேடைக்குச் சீட்டு அனுப்பினால் பெயரோடு வாசித்துப் பாடுவார்கள். அண்ணன் கண்மணியைக் கேட்டுப் பெயரில்லாமல் அனுப்பினார். பாடிய அக்கா கையில் நீளக் கோடு போட்ட நோட்டு. பாட்டு வரிகளோடு நடுவில் வரும் பேச்சையும் அதில் எழுதி வைத்திருந்தார். ஆண் பாடகர் கமல் மாதிரி பேச முயலவே இல்லை. தன் குரலில், நம்ம ஊர் இழுவையில், யோசித்து யோசித்துப் பேசினார். அவர் தடுமாறிய இடத்தில் டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடியே காத்திருந்தார். மிளகாய் பஜ்ஜி வாசத்துக்கு நடுவே அத்தனை கூட்டமும் அடங்கிக் கிடந்தது. நான் கேட்ட கண்மணிகளில் அதுதான் முதல் தரம். இன்றுவரை அப்படித்தான் சொல்வேன்.

இன்று போனைத் திறந்தால் அந்தப் பாட்டுக்கு எத்தனை கவர்! வயலினில், புல்லாங்குழலில், மழைச் சத்தம் சேர்த்து மந்தமாக ஓடவிட்டு. நன்றாக வாசிப்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலானவற்றில் பேச்சு இல்லை. மெட்டைத் தூக்கிக்கொண்டு, அந்த மெட்டு எதிலிருந்து பிறந்ததோ அதை விட்டுவிடுகிறார்கள். தனக்குள் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் ஒருவன் திக்குவதும், இன்னொருத்தி அதை வாங்கி இசையாக்குவதும்தானே அந்தப் பாட்டு? திக்கலைக் கழித்தால் மிச்சம் வெறும் இனிமை. அன்று கேசட் கடைசியை விழுங்கியது, இன்று முப்பது விநாடி ரீல் நடுவை விழுங்குகிறது.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' வந்தது. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்றிருந்து, 'குணா' படத்துக்குப் பின் குணா குகையான இடம்தான் அதன் களம். 2006இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே குழியில் விழ, கூட வந்தவர் இறங்கித் தூக்கிவந்த உண்மைக் கதை. சிதம்பரம் இயக்கிய அந்த மலையாளப் படம் நம் ஊரிலும் மொழி மாற்றாமலே ஓடியது. கண்மணி பாட்டு அங்கே இரண்டு நண்பர்களுக்கானதாகிவிட்டது. அதைக் கவர் என்று சொல்ல முடியாது, பழைய குரல்களேதான். ஆனாலும் எல்லாக் கவர்களையும்விடப் பெரிய மறுவாசிப்பு அதுதான். அந்த மே மாதம் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் அனுமதி வாங்கியதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். பாட்டை உண்டாக்கியவரைக் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை என்பது என் கட்சி. அன்று மாரியம்மன் கோயில் மேடையில் யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

போன வருஷம் அண்ணன் மகளுக்கு வத்தலக்குண்டில் நிச்சயம். மண்டபத்து வாசலில் நின்றால் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி விளக்குகள் ஊர்வது தெரிந்தது. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் கிட்டாரோடு கண்மணியைப் பாடினான். குரல் அருமை. பேச்சு வரவேண்டிய இடங்களில் கம்பியை மீட்டிக் கடந்துவிட்டான்.

பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் வாளியோடு மேடைப் பக்கம் வந்தார். "தம்பி, பேச்சை ஏன் விட்டுட்டீங்க?"

"அது டயலாக் அங்கிள். கவர்ல யாரும் வைக்கிறதில்ல."

"அதுதானப்பா பாட்டே."

பையன் கொஞ்சம் யோசித்து மைக்கைத் தாழ்த்தி அவர் பக்கம் திருப்பினான். "அப்ப நீங்க பேசுங்க அங்கிள், நான் வாசிக்கிறேன்."

அண்ணன் வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்தார். பையன் முதலிலிருந்து வாசித்தான். அண்ணன் வாய் திறந்தார், நிறுத்தினார், மறுபடி யோசித்தார். பையன் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து ஓசையை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.