பிரெஞ்சு எடுத்தவன்

தஞ்சாவூர்ப் பக்கம் பிரெஞ்சை யாரும் படிப்பதில்லை, எடுக்கிறார்கள். “பையன் பிளஸ் ஒன்ல பிரெஞ்சு எடுத்திருக்கான்” என்று அப்பா சொல்லும்போது, தெருவில் கிடந்த நூறு ரூபாய் நோட்டைப் பையன் எடுத்துவிட்ட பெருமை குரலில் இருக்கும். சமாச்சாரமும் ஏறக்குறைய அதேதான். கொஞ்சம் குனிந்தால் போதும்.

2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஒரு சந்து. அந்தச் சந்தில் நுழைந்தவன்தான் நம் ஆள். பக்கத்து வகுப்பில் தமிழ் எடுத்தவன் ‘நேர் நேர் தேமா’ என்று விரல்விட்டு அலகு பிரித்துக்கொண்டிருக்க, இவன் ‘என் பெயர் இன்னது, என்னிடம் ஒரு பூனை இருக்கிறது’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். அவன் வீட்டில் பூனையே கிடையாது.

இதில் வேடிக்கை, பொறியியல் கட்-ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் சேராது. கணக்கு, இயற்பியல், வேதியியல், அவ்வளவுதான். அப்புறம் பிரெஞ்சு எதற்கு? டோட்டலுக்கு. டோட்டல் எதற்கு? கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்பாரே, அதற்கு. மொத்தம் 1200 ஆக இருந்தபோதும் அப்படித்தான், 600 ஆகச் சுருங்கிய பிறகும் அப்படித்தான்.

பிரெஞ்சு எடுத்தவனைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் மாதம் அவனுக்கு ஓயாத ஜலதோஷம். பாதி எழுத்தை மூக்கால் சொல்ல வேண்டும்; ‘ர’வைத் தொண்டைக்குள்ளேயே கொப்புளிக்க வேண்டும். கொல்லையில் நின்று அவன் பயிற்சி செய்வதைக் கேட்ட அப்பாயி, கேள்வி கேட்காமல் சுக்குக் கஷாயம் வைத்துவிட்டாள். குடித்துவிட்டு அவன் “மெர்ஸி போக்கு” என்றான். மிக்க நன்றி என்று பொருள். “போக்கா? எங்கடா போற?” என்றாள் அப்பாயி. எட்டு எழுத்தை எழுதிவிட்டு ‘போக்கு’ என்று மட்டும் படிக்கிற பாஷை அது. மிச்ச எழுத்தெல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் அப்பாயியின் கேள்வியும்.

வீட்டில் அவனைப் புரிந்துகொண்டவர் தாத்தா ஒருவரே. பிரெஞ்சில் தொண்ணூறு என்பதற்குத் தனிச் சொல் இல்லை, ‘நாலு இருபது பத்து’ என்றுதான் சொல்வார்கள் என்று இவன் அலுத்துக்கொண்டபோது தாத்தா சிரிக்கவில்லை. களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்கி, பன்னிரண்டு மரக்காலுக்கு ஒரு கலம் என்று வாழ்ந்தவர் அவர். “கணக்குன்னா அப்படித்தாண்டா இருக்கும்” என்று சொல்லிவிட்டார்.

பிரான்சுக்கும் நம் ஆளுக்கும் உள்ள பந்தம் இவ்வளவுதான். கும்பகோணத்தில் பஸ் ஏறினால் காரைக்கால் வந்துவிடும். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். இடையிடையே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட வருஷங்களைக் கழித்தால், 1954 வரை அவர்களிடமே இருந்தது. ஆனாலும் அந்த ஊரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மாமா மாதம் ஒருமுறை அங்கே போய்வருவதற்குக் காரணம் வேறு.

பிப்ரவரியில் ஆண்டு விழா வரும். தமிழ் எடுத்தவர்கள் நாடகம் போடுவார்கள். பிரெஞ்சு எடுத்த பதினாலு பேரும் ஏதாவது செய்தாக வேண்டும். பதினாலு பேருக்கும் சேர்த்துத் தெரிந்த சொற்களுக்குள் அடங்குகிற பாட்டு ஒன்றே ஒன்றுதான்: ‘ஃப்ரேர் ஜாக்’. நாலே அடி. மடத்துச் சாமியார் ஒருவர் தூங்கிவிட்டார். காலை மணி அடிக்க வேண்டும். எழுந்திருங்கள் சாமி என்பது பொருள். அப்பாயிக்குப் பொருளைச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. “திருப்பள்ளியெழுச்சி!” ஒரே ஒரு சந்தேகம்தான் அவளுக்கு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அரங்கனை எழுப்பினார், மாணிக்கவாசகர் சிவனை எழுப்பினார். இந்தப் பாட்டில் பூசை செய்கிறவரையே எழுப்ப ஆள் வைக்க வேண்டியிருக்கிறதே, சாமியை யார் எழுப்புவார்கள்?

விழா நாள். தெர்மோகோல் ஈஃபில் கோபுரம் மேடையில் லேசாகத் தெற்கே சாய்ந்து நின்றது. பதினாலு தலையிலும் கறுப்புத் துணித் தொப்பி. உபயம், ஒரு பையனுடைய அத்தையின் பழைய பாவாடை. அப்பா கொள்முதல் நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தார். மூன்று நாளாக நெல் அங்கே குவியலாகக் கிடக்கிறது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; இருந்தது. எடை போட ஆள் வேண்டும், இருந்தார். சாக்கு இல்லை. ‘சாக்கு வந்ததும் பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும் மேடையில் பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டைச் சுற்றுப் பாட்டாகப் பாடுவது வழக்கம். ஒரு குழு முதல் அடியை முடித்து இரண்டாவதுக்குப் போகும்போது, அடுத்த குழு முதல் அடியில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் ஏறிக்கொண்டார்கள். விழாவன்று மைக்கைப் பார்த்த பதற்றத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் எல்லா அடியிலும் ஏறிவிட்டார்கள், கும்பகோணம் பஸ் நிலையத்தில் கடைசி டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல. சவுண்ட் சர்வீஸ்காரர் தன் பங்குக்கு எக்கோவை ஏற்றினார். மொத்தத்தில் அரங்கத்துக்குக் கேட்டது ஒரு சொல்தான்: “ஜாக்கு, ஜாக்கு, ஜாக்கு...”

அப்பா பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிச் சொன்னார்: “இங்கயும் சாக்குதான் கேக்குறாய்ங்க.”

கைதட்டல் பலமாக இருந்தது. புரியாத பாட்டுக்கு நம் ஊரில் கைதட்டல் குறைவதே கிடையாது. நம் ஆள் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். பெரிய சாதனை. இந்தக் காவிரிக்கரையில் பிரெஞ்சு மெட்டைப் பாடிய முதல் தலைமுறை தானே என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலை அந்த நினைப்புக்கு வேட்டு வைத்தவள் தங்கை. பாட்டு வகுப்புக்குப் போகிறவள், கூடத்தில் உட்கார்ந்து ‘சக்தி சஹித கணபதிம்’ பாடினாள். திருவாரூர் முத்துசாமி தீட்சிதர் (1775–1835) மேற்கத்திய மெட்டுகளை எடுத்து சமஸ்கிருதச் சொல் வைத்துச் செய்த நோட்டுஸ்வரங்களில் ஒன்று அது. இது ‘வாங்க, ஆடலாமா’ என்று ஒரு பெண்ணை நடனத்துக்குக் கூப்பிடும் பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு என்பார்கள் இசை ஆராய்ச்சிக்காரர்கள். பிள்ளையாருக்கு அது தெரிந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருநூறு வருஷமாக டெல்டாக் குழந்தைகள் ஒரு மதிப்பெண்கூட வாங்காமல் அதைப் பாடிவருகிறார்கள்.

பாட்டு வாத்தியார் சொன்ன இந்தச் சங்கதியை அண்ணனிடம் சொல்லத்தான் அவள் உள்ளே போனாள். மணி ஏழு. முந்தின நாள் ஊருக்கே பள்ளியெழுச்சி பாடியவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தான்.

அப்பாயி வாசற்படியில் நின்று ஒரே அடியில் பாட்டை முடித்தாள்:

“ஏலே சாக்கு, எந்திரிடா!”