எல்லாவற்றுக்கும் எடிட்டரே பொறுப்பு

பெறுநர்: திரை விமர்சனப் பிரிவு, தமிழ் நாளிதழ் (எதுவாயினும்).
பொருள்: பண்டிகைக் காலப் படங்களுக்குத் தீர்ப்பு வழங்கும் முறை தொடர்பாக.

தீபாவளிப் பட விமர்சனம் என்பது, ஒரே நாளில் வெளியாகும் மூன்று நான்கு படங்களைப் பற்றி, யார் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்லும் உரைநடை வகை. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை ஆகிய நாட்களிலும் இது எழுதப்படுகிறது. ஆனாலும் இதன் இலக்கணத்தை முழுமையாகக் காண ஐப்பசி மாதமே ஏற்றது.

2024 தீபாவளியை எடுத்துக்கொள்ளலாம். அக்டோபர் 31 அன்று ‘அமரன்’, ‘பிரதர்’, ‘பிளடி பெக்கர்’ ஆகிய மூன்று தமிழ்ப் படங்களும், ‘லக்கி பாஸ்கர்’ என்ற தெலுங்குப் படத்தின் தமிழ் வடிவமும் ஒன்றாக வந்தன. முதலாவது ஒரு ராணுவ அதிகாரியின் வாழ்க்கை. இரண்டாவது அக்கா–தம்பி பாசம். மூன்றாவது பிச்சையெடுப்பவர் ஒருவர் மாளிகைக்குள் மாட்டிக்கொள்ளும் கதை. நான்காவது வங்கி ஊழியர் ஒருவர் குறுக்கு வழியில் பணம் சேர்க்கும் கதை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் திரை விமர்சனப் பிரிவின் கையிருப்பில் உள்ள வாக்கியங்கள் நான்குக்கும் போதுமானவை. ‘அமரன்’, ‘லக்கி பாஸ்கர்’ இரண்டுக்கும் இசை ஜி.வி.பிரகாஷ்குமார் என்பதால், ‘பின்னணி இசை படத்துக்குப் பெரும் பலம்’ என்ற வரியை அன்று இரண்டாவது முறை தட்டச்சு செய்யும் வேலைகூட மிச்சம்.

விமர்சகரின் பணி நேரம் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. 2023 பொங்கலுக்கு வந்த ‘துணிவு’ நள்ளிரவு 1 மணிக்கும், ‘வாரிசு’ அதிகாலை 4 மணிக்கும் திரையிடப்பட்டன. அதன்பின் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றாகிவிட்டது. அண்டை மாநிலங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்ப் படம் பார்த்த ரசிகர், இடைவேளைக்கு முன்பே தீர்ப்பைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவார். சென்னையில் தியேட்டர் கதவு திறக்கும்போது படம் பாஸா ஃபெயிலா என்பது டீக்கடை வரை தெரிந்திருக்கும். நாளிதழ் விமர்சனம் அச்சேறி வீட்டு வாசலில் விழும்போது, அதே இதழின் முதல் பக்கத்தில் ‘மாபெரும் வெற்றி’ என்ற முழுப்பக்க விளம்பரமும் வந்திருக்கும். உள்பக்கத்தில் ‘திரைக்கதையில் கவனம் செலுத்தியிருக்கலாம்’ என்று ஒருவர் வருந்திக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒரே வாசகர்தான், ஒரே காபியோடு படிக்கிறார்.

படத்தை முன்கூட்டியே காட்டும் பத்திரிகையாளர் காட்சி என்றொரு ஏற்பாடும் உண்டு. இதை நடத்துபவர் பி.ஆர்.ஓ. தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று குறிப்பிடப்படும் பிலிம் நியூஸ் ஆனந்தன், 1958-இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றார். அன்று தொடங்கிய தொழில் இன்று நன்றாக வளர்ந்து, சமோசா, காபி, தண்ணீர் பாட்டில் என்ற நிலையை எட்டியிருக்கிறது. இந்தக் காட்சியின் முக்கியமான கட்டம் திரையில் வருவதில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு வாசலில் வருகிறது. அங்கே இயக்குநர் கைகூப்பி நிற்பார். மூன்று வருட உழைப்பும் வாங்கிய கடனும் அவர் முகத்தில் தெரியும்.

“எப்படி இருக்கு சார்?”

“நல்லா பண்ணியிருக்கீங்க சார். செகண்ட் ஹாஃப்ல மட்டும் கொஞ்சம்…”

“லேக் இருக்கா சார்?”

“அதெல்லாம் இல்ல சார். லைட்டா டிரிம் பண்ணா போதும்.”

மறுநாள் அச்சாகும் விமர்சனம் இந்த உரையாடலின் செந்தமிழ் வடிவம். வாசலில் பத்து நொடியில் சொன்னது, அச்சில் நானூறு சொற்களாக விரியும். அதன் சுருக்கமான மாதிரி ஒன்று வருமாறு:

‘ஊரில் ஜாலியாகத் திரியும் நாயகன், நாயகியைக் கண்டதும் காதல்வயப்படுகிறார். இந்நிலையில் நடக்கும் ஒரு கொலை அவர் வாழ்க்கையைப் புரட்டிப்போடுகிறது. கொலையாளி யார், நாயகன் மீண்டாரா என்பதே மீதிக் கதை. நாயகன் பாத்திரத்தை உணர்ந்து நடித்திருக்கிறார். நாயகி அழகாக வந்துபோகிறார். துணை நடிகர்கள் கொடுத்த வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி. பின்னணி இசை கதையோடு பயணிக்கிறது. லாஜிக் மீறல்களைத் தவிர்த்திருக்கலாம். இரண்டாம் பாதியில் எடிட்டர் கத்தரிக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கலாம். மொத்தத்தில், ஒருமுறை பார்க்கலாம்.’

இந்த மாதிரி எந்தப் படத்தையும் குறிப்பதில்லை. ஆகவே எந்தப் படத்துக்கும் பொருந்தும். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கதைச் சுருக்கம். அதை டிரெய்லர் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அடுத்து வரும் பெயர்கள் சம்பள வரிசையில் வருகின்றன. பிறகு கலைஞர்களுக்கு ஆளுக்கொரு பாராட்டு, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல, யாரும் விடுபடாமல். ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்ற சான்றிதழைப் பெற ஒளிப்பதிவாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படத்தில் எங்காவது மலையோ வயலோ இருக்க வேண்டும். இருட்டான சந்து ஒன்றில், ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில், ஒரு முகத்தை எப்படிப் படம்பிடித்தார் என்பது இந்த இலக்கணத்தில் கணக்கில் வராது. நாயகி ஏன் வந்துபோக மட்டும் செய்தார், அவருக்கு ஏன் நான்கு காட்சிகள்தான் எழுதப்பட்டன என்ற கேள்வியும் வராது. வந்துபோனது நாயகியின் குணமாகவே பதிவாகிறது.

இனி குற்றப் பகுதி. தமிழ் விமர்சன மரபில், ஒரு படத்தின் குறை எப்போதும் ரசிகர் மன்றம் இல்லாத துறையிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. நாயகனுக்கு மன்றம் உண்டு. இசையமைப்பாளருக்கு உண்டு. இயக்குநருக்கும் இப்போது உண்டு. இணையத்தில் அவருக்காக இரவு பகலாகச் சண்டை போடுகிறார்கள். எடிட்டருக்கு மட்டும் எந்த ஊரிலும் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றியதாகத் தகவல் இல்லை. எனவே நாயகன் தன் அறிமுகக் காட்சியில் ஒரு நிமிடம் மெதுவாக நடந்து வந்தாலும், எழுதியவர் கதையை இடைவேளையிலேயே முடித்துவிட்டாலும், ஐந்தாவது பாட்டு தேவையில்லாத இடத்தில் வந்தாலும், கத்தரியைத் தாராளமாகப் பயன்படுத்தாத குற்றம் எடிட்டர் மேல் விழுகிறது. அந்த ஐந்தாவது பாட்டை வெட்டும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்று விசாரிக்க எந்தப் பிரிவும் கோடம்பாக்கம் போனதில்லை.

இத்தனைக்கும் தேசிய விருதுகளில் தமிழ் எடிட்டர்களின் கணக்கு மோசமில்லை. 2011 பொங்கலுக்கு ‘காவலன்’, ‘சிறுத்தை’ ஆகியவற்றோடு வந்த ‘ஆடுகளம்’ படத்துக்காக டி.இ.கிஷோர் சிறந்த படத்தொகுப்புக்கான விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு அதே விருது ‘ஆரண்ய காண்டம்’ படத்துக்காக பிரவீன், ஸ்ரீகாந்த் இருவருக்கும் போனது. ‘ஜிகர்தண்டா’வுக்காக விவேக் ஹர்ஷன் வாங்கினார். ‘விசாரணை’க்காக மீண்டும் கிஷோருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. தேசிய அளவில் இத்தனை பேர் வேலை தெரிந்தவர்களாக இருந்தும், உள்ளூர் நாளிதழில் ஒருவருக்கும் கத்தரி பிடிக்கத் தெரியவில்லை என்பது ஆய்வுக்குரியது.

நட்சத்திர மதிப்பீடு அடுத்த அங்கம். ஐந்து நட்சத்திரங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், புழக்கத்தில் இருப்பவை இரண்டரையிலிருந்து மூன்றரை வரைதான். கீழே இறங்கினால் தயாரிப்பாளர் தொலைபேசியில் வருவார். மேலே ஏறினால் போட்டி நடிகரின் ரசிகர்கள் வருவார்கள். பெரிய நட்சத்திரத்தின் படம் சுமாராக இருந்தால் ‘ரசிகர்களுக்கு விருந்து’. நடுத்தர நடிகரின் படம் சுமாராக இருந்தால் ‘ஒருமுறை பார்க்கலாம்’. புதுமுகத்தின் படம் சுமாராக இருந்தால் ‘நல்ல முயற்சி’. புதுமுகத்தின் படம் நிஜமாகவே நன்றாக இருந்தாலும் ‘நல்ல முயற்சி’தான். முயற்சி எந்தக் கட்டத்தில் படமாகிறது என்பதற்கு நாயகனின் முந்தைய படத்தின் வசூலே அளவுகோல் என்று தெரிகிறது.

மதிப்பெண் போடுவதில் பழைய வழக்கம் வேறு. ‘16 வயதினிலே’ படத்துக்கு 1977-இல் ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் வழங்கியதை இன்றும் சினிமா பேசுபவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த அரை மதிப்பெண் கவனிக்கத்தக்கது. 62 போதாது, 63 அதிகம் என்று ஓர் அறையில் யாரோ யாரோடோ மல்லுக்கட்டியிருந்தால்தான் இப்படியோர் எண் பிறக்கும். மூன்று நட்சத்திரத்துக்காக இன்று எந்த அறையிலும் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்பதில்லை.

பண்டிகைக் காலத் தீர்ப்புகளில் பந்தய முடிவும் அடங்கும். ‘தீபாவளி ரேஸில் முந்தியது யார்?’ என்ற தலைப்பில் இது தனிக் கட்டுரையாக வரும். 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’, ‘மனிதன்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன, இரண்டும் ஓடின. பந்தய இலக்கணத்துக்கு இது பெரும் சங்கடம். 1991 நவம்பர் 5 அன்று ‘தளபதி’யும் ‘குணா’வும் வந்தன. ‘தளபதி’ வென்றதாகக் கணக்கு முடிக்கப்பட்டது. 2024-இல் கொடைக்கானல் குகைக்குள் விழுந்த இளைஞனைப் பற்றிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் ‘குணா’வின் பாட்டு ஒலித்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அதிர்ந்தன, அதே ஆண்டு ‘குணா’ திரும்பவும் திரைக்கு வந்தது. 2003 பொங்கலில் ‘தூள்’ ஓடியது, ‘அன்பே சிவம்’ ஓடவில்லை. இன்று ‘அன்பே சிவம்’ பற்றி எழுதப்படும் கட்டுரைகளை அடுக்கினால் அந்த வருட வசூலைவிட உயரமாக இருக்கும். இவற்றுக்கெனப் பிரிவு ஒரு வாசகத்தைத் தயாராக வைத்திருக்கிறது: ‘காலத்தை முந்திய படைப்பு’. அதாவது தவறு காலத்தின் மேல். அதற்கும் ரசிகர் மன்றம் கிடையாது.

2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’ இந்தத் துறையின் எல்லைகளை விளக்கப் பயன்படும். படத்தின் இரைச்சல் தாங்கவில்லை என்று பார்த்தவர்கள் முதல் காட்சி முடிந்ததுமே சொன்னார்கள். ஒலியைக் குறைத்து வைக்கும்படி தயாரிப்புத் தரப்பே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள். டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது.

இந்த நிகழ்வுகளில் நாளிதழ் விமர்சனப் பிரிவு எங்குமே காணப்படவில்லை. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலில் கத்தும் இளைஞனைக் கண்டு கோடிக்கணக்கில் முதல் போட்டவர்கள் நடுங்குகிறார்கள். வழக்கறிஞர் வைத்து வாதாடுகிறார்கள். அச்சில் வரும் விமர்சனத்துக்கு மூன்று நாள் தடை வேண்டும் என்று மனுவில் ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இளைஞன் பல நேரம் நியாயமில்லாமல் பேசுகிறான், படத்தைவிட நடிகரின் உருவத்தைக் கேலி செய்கிறான் என்பதெல்லாம் உண்மை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நிதானமாகப் பேச வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது, அவன் உட்கார்ந்துகொண்டான்.

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பிரிவின் பரிசீலனைக்குச் சில கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன. கதைச் சுருக்கத்தை மூன்று வரியில் முடித்து, மிச்ச இடத்தில் ஏதாவது ஒரு காட்சியை, ஒரே ஒரு காட்சியை, அது எப்படி எடுக்கப்பட்டது, ஏன் வேலை செய்தது அல்லது செய்யவில்லை என்று எழுதலாம். பத்திரிகையாளர் காட்சி முடிந்ததும் பின்வாசல் வழியாக வெளியேறலாம். பெரும்பாலான தியேட்டர்களில் அது உண்டு. ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுதுவதற்கு முன், நான்கு பேர் கொண்ட குடும்பம் டிக்கெட், இணையப் பதிவுக் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் சேர்த்து அந்த ஒருமுறைக்குக் கொடுக்கும் தொகையை ஒரு தாளில் கூட்டிப் பார்க்கலாம். இவை எதுவும் இயலாத பட்சத்தில், அடுத்த பொங்கல் வரைக்குமாவது எடிட்டருக்கு விடுமுறை அளித்து, இரண்டாம் பாதித் தொய்வு குறித்துத் திரைக்கதை எழுதியவரை விசாரணைக்கு அழைக்கலாம்.

இங்ஙனம்,
மாதச் சந்தா தவறாமல் கட்டும் வாசகர் ஒருவர்.

இணைப்பு: கிழித்த டிக்கெட்டுகள் நான்கு. ஒருமுறை பார்த்ததற்கான ஆதாரம்.