சம்மணத்துக்குத் தனிக் கட்டணம்

திருமழபாடியில் பங்குனிப் புனர்பூசத்தன்று நந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து, ஐயாறப்பர் முன்னிலையில், கொள்ளிடம் தாண்டி வந்து சுயசாம்பிகையைக் கைப்பிடிப்பார். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பதால் கூட்டத்தில் பாதிப் பேர் வரன் தேடுகிறவர்கள். மீதி, எங்களைப் போல பந்தியில் இடம் தேடுகிறவர்கள். நீளக் கோரைப்பாயில் முட்டியோடு முட்டி இடிக்க உட்காருவோம். சோற்றில் குழி பறித்து வாங்கிய ரசம் கரை உடைப்பதற்குள் உறிஞ்சியாக வேண்டும். சத்தம் வந்தால் அப்பா தொடையில் கிள்ளுவார். அன்றைக்கு நாகரிகம் அந்த வழியாகத்தான் உள்ளே போனது.

பிறகு கல்யாண மண்டபம் வந்தது. மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, உருட்டி விரிக்கிற பேப்பர் ரோல் எல்லாம் வந்தன. தரைப்பந்தி எப்போது ஒழிந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1995க்கும் 2007க்கும் நடுவில் எங்களைத் திருச்சியிலிருந்து பெரம்பலூர், அரியலூர், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாக மாற்றினார்கள். அந்தக் குழப்பத்தில் பாய் போனதை யார் கவனித்தது?

தம்பி மகனுக்கு ஒரகடம் பக்கம் வேலை, மேலதிகாரி ஜப்பான்காரர். 2010இல் அங்கே நிசான் கார் ஆலை வந்த பிறகு சென்னையில் ஜப்பான் சாப்பாட்டுக்கும் மவுசு. “ஒருநாள் வாங்க பெரியப்பா” என்றான். அரியலூரில் காலைப் பல்லவன் ஏறி, சாயங்காலம் அதே பல்லவன் எழும்பூரைவிட்டுக் கிளம்புவதற்குள் ஜப்பானை முடித்துவிடுவதாக ஏற்பாடு.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பாய் பதித்த தரை, குட்டை மேஜை.

“தரையில உட்காரணும்னா முன்னாடியே புக் பண்ணணும் பெரியப்பா. ஸ்பெஷல் ரூம்.”

என் முட்டிக்கு வியர்த்தது. ஆனால் மேஜைக்கடியில் குழி! காலைத் தாராளமாகத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம். பார்க்கிறவனுக்குச் சம்மணம், உட்காருகிறவனுக்கு நாற்காலி. இந்தச் சாமர்த்தியம் நம் மண்டபக்காரர்களுக்குத் தோன்றவில்லையே.

மிசோ சூப்பின் மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாசம். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாக இறுகும்வரை உலர்த்திச் சீவுகிறார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். மாலத்தீவு மாசிக் கருவாடும் அதே சூரைதான். கருவாடு வறுத்தால் அடுத்த ஃபிளாட்டிலிருந்து புகார் வருகிற ஊரில், பக்கத்து மேஜைக்காரர் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தார். யுனெஸ்கோ 2013இல் ஜப்பானின் உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மூக்கும் அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

அடுத்து நூடுல்ஸ்.

“சத்தமா உறிஞ்சுங்க பெரியப்பா. அங்க அதுல தப்பே இல்ல.”

சொன்னவன் வாயை மூடித்தான் சாப்பிட்டான். நான் உறிஞ்சினேன். கிள்ள ஆளில்லை; பில் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். தரைப்பந்தி போடலாமா என்று சமையல் காண்டிராக்டரைக் கேட்டேன்.

“போட்டுரலாம் சார். அது டிரெடிஷனல் பேக்கேஜ், இலைக்கு இவ்வளவுன்னு கூட ஆகும்” என்றார்.

குழி அதில் சேர்த்தியா என்று விசாரிக்கவேண்டும்.