காக்பிட் கதவும் என் கழுத்தும்

விமானத்தின் முன்வாசலில் ஏறியதும் எல்லோரும் வலப்பக்கம் திரும்பி இருக்கை எண்ணைத் தேடுவார்கள். நான் இடப்பக்கம் கழுத்தை நீட்டுவேன். காக்பிட் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அதன் கதவு பெரும்பாலும் திறந்திருக்கும். பின்னால் நிற்பவரின் பெட்டி என் முழங்காலை முட்டும். வணக்கம் சொல்லக் குவித்த பணிப்பெண்ணின் கை மெல்லப் பிரிந்து, "உள்ளே போங்க சார்" என்று வழிகாட்டும். அதற்குள் எதைப் பார்த்துவிட முடியும்? ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு, கூரை முழுக்க சுவிட்சுகள், ஒருமுறை துணை விமானியின் பக்கத்தில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்த கப் உப்புமா. அந்த உப்புமாவைப் பற்றி வீட்டில் நாள்கணக்கில் பேசியிருக்கிறேன்.

காக்பிட்டுக்குள் ஒருமுறை போக வேண்டும் என்ற இந்த ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. முதல் வாய்ப்பு தானாக வந்தது. அதைக் கோட்டை விட்டது நான்தான்.

அந்தக் காலத்தில் பல நாட்டு விமானங்களில் நடுவானிலேயே பயணிகளை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவார்கள். பிரிட்டனின் பிஓஏசி நிறுவனம் 1957-ல் சிறுவர்களுக்காக 'ஜூனியர் ஜெட் கிளப்' என்றே ஒன்றைத் தொடங்கியது. சேர்ந்த பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு கிடைக்கும். எத்தனை மைல் பறந்தோம் என்று அதில் எழுதிக் கொடுத்தால் கேப்டன் கையெழுத்துப் போட்டுத் தருவார். நான் முதன்முதலாக ஆபீஸ் செலவில் வெளிநாடு போன தொண்ணூறுகளிலும் இந்தப் பெருந்தன்மை மிச்சமிருந்தது. இரவு விமானம். பணிப்பெண் வந்து, கேப்டன் இப்போது ஓய்வாக இருக்கிறார், காக்பிட் பார்க்கிறீர்களா என்று என்னையும் பக்கத்து இருக்கைப் பையனையும் சேர்த்துக் கேட்டாள். மனம் எழுந்து ஓடிவிட்டது. ஆனால் கழுத்தில் டை கட்டியிருந்தேன். டை கட்டியவன் சின்னப் பையனோடு கைகோத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவதா? "நோ தேங்க்ஸ்" என்றேன், தினமும் இதையெல்லாம் பார்த்துச் சலித்தவன் மாதிரி. போய்த் திரும்பிய பையனுக்கு மூச்சு வாங்கியது. "அங்கிள், மின்னல் நமக்குக் கீழே அடிக்குது!" என்றான். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த அடுத்த தடவை வருவதற்குள் 2001 செப்டம்பர் 11 வந்துவிட்டது. கடத்தல்காரர்கள் நான்கு விமானங்களின் காக்பிட்டைக் கைப்பற்றியதன் விளைவை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அறுபது இருக்கைக்கு மேல் உள்ள, அல்லது 45,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள எல்லாப் பயணிகள் விமானங்களிலும் துப்பாக்கிக் குண்டும் கையெறி குண்டின் சிதறலும் துளைக்காத கதவு இருந்தாக வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ விதித்தது. 2003 நவம்பர் 1 அதற்குக் கெடு. இன்றைக்குப் பறக்கும் நேரத்தில் விமானப் பணிக்குழுவினர், இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் ஆய்வாளர்கள், முறையாக அனுமதி பெற்ற வெகுசிலர் தவிர யாரும் உள்ளே கால் வைக்க முடியாது.

உள்ளே போக முடியாது என்றானதும், கட்டிக்கொள்ளக் கொடுப்பினை இல்லாத பெண்ணின் ஜாதகத்தை மனப்பாடம் செய்தவன்போல அந்தக் கதவைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன். கதவுக்கு வெளியே சின்ன எண் பலகை ஒன்று இருக்கும். பணிப்பெண் முதலில் இன்டர்காமில் பேசிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். உள்ளே பஸ்ஸர் அடிக்கும். வந்தது யார் என்று பார்த்துவிட்டு விமானி சுவிட்சைத் தட்டித் திறப்பார். உள்ளே இருவருமே மயங்கிவிட்டால்? அதற்கென்று ஓர் அவசர எண் உண்டு. அதை அழுத்தினால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருக்கும். உள்ளிருந்து யாரும் தடுக்காவிட்டால் சில நொடியில் கதவு திறந்துகொள்ளும். தடுக்க வேண்டும் என்றால் சுவிட்சை 'லாக்' பக்கம் தள்ளினால் போதும். வெளியே இருக்கும் பலகை சில நிமிடங்களுக்கு எதைத் தட்டினாலும் கேட்காது.

இவ்வளவு அறிவையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பக்குவம் எனக்கு இல்லை. ஒருமுறை சிங்கப்பூர் விமானத்தில் பக்கத்தில் ஓர் அம்மா. மகள் பிரசவத்துக்குப் போகிறார். ஊறுகாய் ஜாடியைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்களே என்ற வருத்தத்தில் இருந்தார். ஆறுதலாக ஏதாவது பேசலாமே என்று ஜெர்மன்விங்ஸ் கதையைச் சொன்னேன். 2015 மார்ச் 24, பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் போன விமானம். கேப்டன் வெளியே வந்த நேரம் பார்த்துத் துணை விமானி உள்ளே தாளிட்டுக்கொண்டார், ஆல்ப்ஸ் மலையில் கொண்டுபோய் மோதினார், 150 பேர். கெட்டவர்கள் உள்ளே வரக் கூடாது என்று செய்த கதவு, நல்லவரை வெளியே நிறுத்திவிட்டது பாருங்கள் என்று கதையின் நீதியையும் சொல்லி முடித்தேன். விமானம் அப்போதுதான் ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இதை இறங்கினதுக்கப்புறம் சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்தார். வழியில் முன்பக்கத் திரையை இழுத்துவிட்டு, சாப்பாட்டுத் தள்ளுவண்டியை நடைபாதைக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். விமானி கழிவறைக்கு வருகிறார் என்று அர்த்தம். அந்த அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "இப்ப உள்ளே யாரு?" இன்னொரு விமானி இருக்கிறார், அவரையும் தனியாக விடாமல் பணிக்குழு ஆள் ஒருவர் உள்ளே போய் நிற்பார் என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்ததால், விசாரித்து வருகிறேன் என்று எழுந்து போனேன். தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற பணிப்பெண் உட்காரச் சொன்னாள். கால் மரத்துவிட்டது என்றேன். உட்காருங்கள் என்றாள். பாத்ரூம் போக வேண்டும் என்றேன். பின்னால் இருக்கிறது என்றாள். இரண்டு காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கண் என் முகத்திலிருந்து கைகளுக்கு இறங்கியபோதுதான், நான் நிற்கும் இடத்தில் நிற்பவனை எப்படிப் பார்க்க அவளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் என்பது உறைத்தது. திரும்பி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் அதிகாரபூர்வமாக அறிவித்தேன்.

நேர்வழி இப்படி ஆனதால் சிபாரிசுக்குப் போனேன். நண்பனின் மச்சான் விமான நிலையத்தில் வேலையில் இருந்தான். விமானிகளுக்குப் பின்னால் ஜம்ப் சீட் என்று ஒரு மடக்கு இருக்கை இருக்குமே, அதில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், மூச்சுக்கூட விட மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். இது நடந்தது 2023-ல். அந்த ஆண்டு பிப்ரவரியில் துபாயிலிருந்து டில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் ஒரு விமானி தன் தோழியைக் காக்பிட்டில் உட்காரவைத்த செய்தி பெரிதாக வெடித்தது. மே மாதம் டிஜிசிஏ, ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, விமானியின் உரிமத்தை மூன்று மாதம் முடக்கியது. குடும்ப வாட்ஸப் குழுவில் நான் பொங்கி எழுந்தேன். இத்தனை உயிரோடு விளையாட்டா, உரிமத்தை அடியோடு பறித்திருக்க வேண்டாமா, இந்த நாடு எப்போது உருப்படும் என்று பத்தி பத்தியாக எழுதினேன். அனுப்பி முடித்த கையோடு நண்பனைக் கூப்பிட்டு, "மச்சான் என்ன சொன்னான்?" என்று கேட்டேன். மச்சான் சொன்னது இதுதான்: "அவருக்குப் பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டா?"

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. அந்தத் தோழி வேறு, நான் வேறு என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். நான் ஆர்வலன், அப்பாவி, எதையும் தொட மாட்டேன். ஆனால் படித்ததெல்லாம் எதிர்சாட்சி சொல்ல வந்து நின்றது. 1994 மார்ச் 23-ல் மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃப்ளோட் 593-ல் காக்பிட்டுக்குள் வந்தவர்கள் மாற்றுக் கேப்டனின் சொந்தப் பிள்ளைகள். ஆட்டோபைலட் ஓட்டுகிறது என்ற தைரியத்தில் அப்பா மகனைத் தன் இருக்கையில் உட்காரவைத்தார். பையன் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததில் ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி மட்டும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. ஒரு விளக்கு மட்டும் எரிந்தது, யாரும் கவனிக்கவில்லை. சைபீரியாவில் விழுந்த அந்த விமானத்தில் 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தத் தகப்பனிடம் குறை என்று சொல்ல இருந்தது பிள்ளைப் பாசம்தான்.

ஆர்வலன் என்றேனே, அதற்கும் ஆள் இருந்தான். 1999 ஜூலை 23-ல் டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து கிளம்பிய ஆல் நிப்பான் ஜம்போவில் கத்தியோடு காக்பிட்டுக்குள் புகுந்து கேப்டனைக் கொன்றவன், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகியவன். டோக்கியோவின் ரெயின்போ பாலத்துக்கு அடியில் நிஜ விமானத்தை ஓட்டிப் பார்க்க ஆசையாம். மற்றவர்கள் அவனை மடக்கியதால் 500-க்கு மேற்பட்டவர்கள் உயிரோடு தரையிறங்கினார்கள். நானும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவன்தான். மீனம்பாக்கத்தில் இறங்கப் போய்ப் பரங்கிமலையில் முட்டுவது என் வழக்கம். எந்த ஆர்வலன் எப்படிப்பட்டவன் என்று முகத்தைப் பார்த்துத் தரம்பிரிக்க அந்தக் கதவுக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் மூடிக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் விதி, எனக்கு மட்டும் விலக்கு என்று கேட்கிறவர்கள்தான் உலகத்தில் பாதிப் பேர் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும்.

ஆனாலும் ஆசை விடவில்லை. முறையான வழி ஒன்று மிச்சமிருந்தது. விமானம் நின்று, எஞ்சின் அணைந்து, ஆட்கள் இறங்கிய பிறகு கேப்டன் மனது வைத்தால் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது உண்டு. எனக்குத் தேவை ஒரு குழந்தை. அக்காவின் பேரனைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போன இரவு விமானத்தில், "பையன் ரொம்ப ஆசைப்படறான்" என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவைத்தேன். "எனக்குப் பசிக்குது தாத்தா" என்றான் பையன். அவன் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தேன்.

எல்லோரும் இறங்கியதும் அழைப்பு வந்தது. கேப்டன் ஒரு பெண். "வாங்க சார், யாருக்கு ஆசை? பையனுக்கா, உங்களுக்கா?" என்றார். பதில் சொல்வதற்குள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். அவ்வளவு சின்ன இடம். செம்மறித் தோல் உறை போட்ட இருக்கை, காலுக்கு நடுவே பெடல்கள், இரண்டு இருக்கைக்கும் இடையில் அந்தக் கதவு சுவிட்ச். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் ஒன்று. இத்தனை காலம் என்னை வெளியே நிறுத்திவைத்தது இதுதானா என்று குனிந்தேன். "கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க சார்" என்றார் கேப்டன். எத்தனையோ கேள்விகள் சேர்த்துவைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், "மேடம், இந்த சுவிட்செல்லாம் வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "வேலை செய்யாததுக்கு மேல 'இன்ஆப்'னு ஸ்டிக்கர் ஒட்டிடுவோம்" என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

பையன் இதற்குள் பணிப்பெண் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டோடு வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டான். கேப்டனின் தொப்பியை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டு, துணை விமானியை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். பெட்டி வருவதற்குள் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன்: 'பையன் ஆசைப்பட்டான், காக்பிட்டில் நாங்கள்.'

அக்காவின் பதில் உடனே வந்தது. "தொப்பி போட்ட பிள்ளை நல்லாத்தான் இருக்கான். என் பேரன் எங்கடா?"