சொதிக்கு முத்திரை இல்லை

நெல்லையில் வீகன் சாமான் தேடுகிறவர் முதலில் ஏசி போட்ட கடைக்குப் போய், பாதாம்பால் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று விதிகளும் பச்சை முத்திரையும் கொண்டுவந்துவிட்டது. அது ஒட்டியிருந்தால்தான் மனசு ஆறும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயுமாகக் கொதிக்கும் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உடன்குடிக் கருப்பட்டி: எதிலும் முத்திரை இல்லை. ஆகவே கணக்கில் சேராது. (தாளிக்க நெய் வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லத் தைரியம் வேண்டும், அது வேறு விஷயம்.)

சிக்கல் அல்வாவில்தான். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பிழிகிறவரை எந்த மாட்டுக்கும் தொந்தரவில்லை. அப்புறம் நெய் வந்து கொள்கையைக் கெடுக்கிறது.

டவுனில் ஒருவர் கேட்டாராம்: “அண்ணாச்சி, நெய்யில்லாம கால் கிலோ கிடைக்குமா?”

“அது பசைல்லா தம்பி. போஸ்டர் ஒட்டுதவன்ட்ட கேளுங்க.”