வடகத்துக்குக் காவல்

ஒரு சிறு பத்திரிகைக்கு காமிக்ஸ் விமர்சனம் எழுதுகிறேன் சார். சூப்பர் ஹீரோயின்கள் என் ஏரியா. சன்மானம் கிடையாது. அதனால் வீட்டில் இதற்கு வேலை என்ற பெயரும் கிடையாது.

வொண்டர் உமனை எழுதும்போதே லேசாக உதறல்தான். 1941இல் அவளைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் மனோதத்துவ நிபுணர். ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைப் பிடிக்கலாம் என்று ஆராய்ந்தவர். அவர் கதாநாயகி கையில் ஒரு கயிறு. அதில் மாட்டினால் எவனும் உண்மையைக் கக்கிவிடுவான். கயிறெல்லாம் எதற்கு? "புத்தகம் என்ன விலை?" என்று என் மனைவி கேட்பாள். நான் பாதி விலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் மீதிப் பாதியை அவளே சொல்லிவிடுவாள்.

ஷீ-ஹல்க் இன்னும் மோசம். ஜெனிபர் வால்டர்ஸ் என்ற வக்கீல், ஹல்க்காக மாறும் மாமன் மகன் புரூஸ் பேனரின் ரத்தம் ஏறியதில் பச்சையாகிப் போனவள். (நம் ஊராயிருந்தால் ரத்தம் ஏற்றும்போதே நிச்சயதார்த்தத்தையும் முடித்திருப்பார்கள்.) 1989இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த முதல் இதழில், இதை வாங்காவிட்டால் உன் எக்ஸ்-மென் புத்தகங்களைக் கிழித்துவிடுவேன் என்று அட்டையிலேயே வாசகனை மிரட்டுவாள். எங்கள் வீட்டிலும் மிரட்டல் உண்டு. வாங்கினால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவார்களாம்.

எனக்கு உயிர் ஸ்க்விரல் கேர்ள்தான். ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் கதையிலேயே அணில்களை ஏவி வில்லன் டாக்டர் டூமைத் தோற்கடித்தவள். 2015இல் ரயன் நார்த் எழுத, எரிகா ஹெண்டர்சன் வரைய, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கல்லூரிக்குப் போகிறாள். கிரகங்களையே தின்னும் கலாக்டஸ் பூமியைச் சாப்பிட வருகிறான். இவள் நிலாவுக்கே போய் அவனோடு பேசிப் பேசி, ஆளில்லாத, கொட்டைகள் நிறைந்த ஒரு கிரகத்தைக் கைகாட்டி அனுப்பிவைக்கிறாள். குத்துவிட்டு ஜெயிக்கும் கதைகள் எத்தனை வந்தாலும் இதற்கு உறைபோடக் காணாது என்பது என் கட்சி.

இதை நான் படித்தது மொட்டைமாடியில், காய்கிற வடகத்துக்குக் காவலாக. கலாக்டஸ் வயிறு நிறைந்த பக்கத்தில் தலையைத் தூக்கினேன். எங்கள் தெரு அணில்களுக்கும் நிறைந்திருந்தது.

புத்தகம் பறிமுதல். ராத்திரி என் மனைவியே அதைப் படித்து முடித்துவிட்டு, "சண்டை போடாம சாப்பாட்டைக் காட்டியே அனுப்பிட்டாளே, பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு. அடுத்த பாகம் எங்கே?" என்றாள்.

அந்த முதல் வரியை என் நீண்ட விமர்சனத்தின் கடைசியில் சொருகி அனுப்பினேன். ஆசிரியர் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் போட்டிருந்தார். என் பெயரில்தான்.